கோயிலும் செங்கோலும்

தமிழில் ‘கோயில்’ என்னுஞ் சொல் அரசன் வாழும் அரண்மனையையும் ஆண்டவன் எழுந்தருளிய ஆலயத்தையும் ஒருங்கே குறிக்கும். ‘இறை’ என்பது கடவுளுக்கும் பெயர், அரசனுக்கும் பெயர், அரசனுக்குக் குடிகள் செலுத்தும் வரிக்கும் பெயர். திருமுகம், விண்ணப்பம், திருவோலக்கம், பள்ளியெழுச்சி என நாம் திருக்கோயிலில் வழங்குவன பலவும் அரசவையில் வழங்கிய சொற்களே. இவற்றைக் கொண்டு, ‘தமிழர்க்கு அரசும் சமயமும் வேறல்ல, இரண்டையும் பிரித்துக் காண்பது மேனாட்டார் கொணர்ந்த புதுவழக்கு’ என்பாரும் உளர். ‘அரசின் கை கோயிலிற் படவே கூடாது, அதுவே நம் பழைய முறை’ என்பாரும் உளர். இவ்விரு கூற்றும் வரலாற்றோடு பொருந்துமா என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குக் களமாக யாம் கொள்வது தேனியைச் சார்ந்த கம்பம் பள்ளத்தாக்கு. மேற்கே மேற்றொடர் மலையும் கிழக்கே வருசநாட்டு மலையும் அரணாக நிற்ப, இடையே கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என ஊர்கள் தொடர்ந்து விளங்கும் நன்செய் நாடு இது. 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் எழுதப்பெற்ற உடன்படிக்கையின்படி மலைக்கு மேற்கே திருவிதாங்கூர் நிலத்தில் அணை எழுந்தது. 1895 முதல் அதன் நீர் மலையைக் குடைந்து கிழக்கே வந்து பாய்கின்றது. நீர் ஒன்றே, ஆயின் அம்மலை முகட்டின் இருபுறமும் அரசுக்கும் கோயிலுக்கும் இருந்த தொடர்பு இருவேறு வகையாக நடந்தது. ஒரே முகட்டில் நின்று இருவகை ஆட்சியையும் ஒப்பு நோக்கும் வாய்ப்பு இந்நாட்டார்க்கு உண்டு.

1. உத்தமபாளையத்துப் பாறை

முதலில் பழங்காலத்தை நோக்குவோம். மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் வேண்ட, திருஞானசம்பந்தப் பிள்ளையார் மதுரைக்கு எழுந்தருளிப் பாண்டியனைச் சைவத்திற்கு மீட்டருளிய வரலாறு அன்பர் யாவரும் அறிந்ததே. அவ்வாதின் முடிவிற் சமணர் கழுவேறினர் என்றும், அதனைப் பிள்ளையார் விலக்காதிருந்தனர் என்றும் சேக்கிழார் பெருமான் கூறுவர். அரசன் மதம் மாறினால் நாட்டின் நீதியும் அம்மதத்தின் வாளாகும் என்பதற்கு இதனை மேற்கோளாகக் காட்டுவார் இன்றும் பலர். இதற்கு விடை கூறாது அப்பாற் செல்லுதல் ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று.

உத்தமபாளையத்தின் அருகே கருப்பண்ணசாமி கோயிலை ஒட்டி ஒரு பெரும்பாறை உண்டு. அதில் சமண தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பெற்றுள்ளன. கீழே அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்திற் பொறிக்கப்பெற்றுள்ளன. அச்சணந்தி என்னும் சமண முனிவர் பெயரும் அங்கே காணப்படும். இவை கி.பி. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சார்ந்தன என்பர் கல்வெட்டறிஞர். பிள்ளையார் காலமோ ஏழாம் நூற்றாண்டு. அதன்பின் இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் பாண்டிநாட்டில், சைவம் ஓங்கி நின்ற காலத்தில், சமணர் பாறையிற் செதுக்கினர், பெயர் பொறித்தனர். கழுகுமலையும் மதுரையைச் சூழ்ந்த குன்றுகளும் இதற்கே சான்று பகரும். கழுவேற்றத்தைக் கூறும் சமகாலக் கல்வெட்டு ஒன்றேனும் வெளிவந்திலது. புராணச் செய்தியை எவ்வாறு கொள்ளினும், பிற சமயத்தாரை ஒழிப்பதே அக்காலத்து அரசநீதி என்று கூறுதற்கு இப்பாறை இடந்தராது.

அதே பள்ளத்தாக்கிற் சின்னமனூரிற் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் வரலாற்றுலகிற் புகழ்பெற்றவை. அவற்றுட் பெரிய ஏடு இராசசிம்ம பாண்டியனது. வடமொழியும் தமிழுமாக எழுதப்பெற்றது. மதுரையிற் சங்கம் நிறுவியதையும் பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் முன்னோர் பெருமையாகச் சொல்லுவது. இத்தகைய ஏடுகளில் அரசன் செய்வது யாது? நிலத்தை வரையறுத்து, வரியை நீக்கி, இறையிலியாகக் கொடுத்து, வருங்கால அரசர் இதனைக் காப்பாராக என்று வேண்டுவதே. தேவதானமும் இவ்வாறே கொடுக்கப்பெற்றது. தஞ்சைப் பெருங்கோயிலில் முதலாம் இராசராசன் திருப்பதியம் விண்ணப்பிக்கும் பிடாரர் 48 பேரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் முழக்குவார் இருவரையும் அமைத்து அவர்க்கு நெல்லளந்தான் எனக் கல்வெட்டுக் கூறும். நெல்லின் அளவு அரசன் ஆணை. பாடிய பதிகமோ அரசன் ஆணையன்று. இந்நுட்பம் ஓர்தற்குரியது.

யாம் இளமையில் மடத்திற் பாடங்கேட்ட நாளில், எம் ஆசிரியர் ‘இறையிலி’ என்னுஞ் சொல்லுக்குப் பொருள் கூறுங்கால், ‘இறை வாங்காமல் இறைவனுக்கு விடுவது இறையிலி’ என்று நகைமுகத்தோடு சொல்லுவார். அன்று அது சொல்நயமாகவே தோன்றிற்று. பின்னர் எண்ணுங்கால், அரசன் தன் கையைத் தானே கட்டிக்கொண்ட ஒரு சட்டம் அச்சொல்லினுள் அடங்கியிருப்பது விளங்கிற்று.

திருமூல நாயனார் தமது திருமந்திரத்து முதல் தந்திரத்தில் அரசாட்சி முறையைப் பாடினர். இரண்டாம் தந்திரத்தில் திருக்கோயில் இழிவைப் பாடினர். கோயிற் பூசை முட்டுப்படின் அத்தீங்கு வேந்தனையும் நாட்டையும் சாரும் என்பது அவர் திருவுள்ளம். ஆகவே கோயிலைக் காத்தல் வேந்தன் கடமை. ஆயின் வேந்தன் ஏவலால் அடியவர் தம் நெறியை மாற்றிக்கொள்வரா எனின், அதற்கு விடை திருநாவுக்கரசு சுவாமிகள் வரலாற்றில் உள்ளது. பல்லவன் அழைத்தபோது, தாம் வேறோர் அரசனது ஆணைக்கு உட்பட்டவர் எனக் கூறி மறுத்துப் பாடியருளிய மறுமாற்றத் திருத்தாண்டகம் சைவர் நாவில் இன்றும் ஒலிக்கின்றது. இவ்வரலாற்றைப் பாடிய சேக்கிழாரோ சோழனுக்கு அமைச்சராயிருந்தவர் என்பது மரபு. அரசனுக்குப் பணியாத அடியவரை அரசனது அமைச்சரே போற்றிப் பாடினர். அது சோழன் முன்னிலையில் அரங்கேறிற்று. காவல் அரசனது, நெறி அடியாரது. பழந்தமிழ் நாட்டின் எல்லைக்கல் இதுவே என்று யாம் துணிகின்றோம். அரசும் சமயமும் அங்கே ஒன்றாகவும் இல்லை. ஒன்றையொன்று அறியாதனவாகவும் இல்லை.

2. மலைக்கு மேற்கே

இனி மலைக்கு மேற்கே சென்று காண்போம். 1750-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மார்த்தாண்டவர்மர் திருவிதாங்கூர் நாடு முழுவதையும் திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணஞ் செய்து, தாம் ‘பத்மநாபதாசர்’ என்னும் பெயருடன் ஆண்டனர். திருப்படித்தானம் என்பது அதன் பெயர். அன்று முதல் அந்நாட்டில் அரசு தெய்வத்தின் உடைமை. சட்டம் தெய்வத்தின் பெயரால் நடந்தது. கி.பி. 1811 முதல் ரெசிடெண்டும் திவானுமாக இருந்த கர்னல் மன்றோ 348 பெருங்கோயில்களையும் அவற்றின் நிலங்களையும் சர்க்கார் நிருவாகத்திற் சேர்த்தனர். நிலவருவாய் அரசின் பொதுவருவாயிற் கலந்தது. கோயிற் செலவு அரசுச் செலவாயிற்று.

அரசும் கோயிலும் முற்றிலும் ஒன்றானால் விளைவது யாது என்பதை வைக்கம் காட்டிற்று. வைக்கத்தில் எழுந்தருளியிருப்பவர் மகாதேவர், நம் சிவபெருமானே. அக்கோயிலைச் சூழ்ந்த பொதுவீதிகளில் தாழ்த்தப்பட்டோர் நடத்தல் கூடாதென்பது வழக்கம். கோயில் அரசினது ஆதலின், அவ்வழக்கத்தைக் காக்கப் போலீசார் வேலியடைத்து நின்றனர். 1924-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள் அறப்போர் தொடங்கிற்று. நடந்தவர் சிறை புகுந்தனர். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஈ. வெ. இராமசாமியாரும் சிறைப்பட்டனர். 1925-இல் வீதிகள் பெரும்பாலும் திறக்கப்பட்டன. வழக்கம் வழக்கமாக மட்டும் இருந்திருப்பின் வாதத்தால் நெகிழ்ந்திருக்கும். அது சட்டமாகிக் கையிற் தடி பிடித்தமையாலேயே அத்துணைத் துன்பம் நேர்ந்தது.

இனி, 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராசர் தம் பிறந்தநாளிற் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியிட்டனர். அரசின் கோயில்கள் அனைத்தும் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. அடைத்ததும் அரசாணை, திறந்ததும் அரசாணை. நன்மை நிகழ்ந்ததில் ஐயமில்லை. எனினும் ஒரு மன்னர் மனம் வைத்தாலன்றிக் கதவு திறவாத நிலையில் சமயம் இருந்தது என்பதும் மறுக்கவொண்ணாது.

இத்தொடர்பின் சுவடு இன்றும் அழிந்திலது. திருவிதாங்கூர் அரசு கோயில் நிலங்களைக் கைக்கொண்டமைக்கு ஈடாக ஆண்டுதோறும் பொதுநிதியிலிருந்து பணங்கொடுத்தல் வேண்டுமென்பது இந்திய அரசியலமைப்பின் 290-அ உறுப்பிற் காணப்படும். கேரளம் 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயும், 1956-இல் தன்பால் மாறிய பகுதிகளின் கோயில்களுக்காகத் தமிழ்நாடு 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயும் கொடுத்தல் வேண்டும். ஒரு மதத்தை வளர்ப்பதற்கென எவரையும் வரிகொடுக்கக் கட்டாயப்படுத்தல் ஆகாது என்று 27-ஆம் உறுப்பிற் கூறும் அதே நூலில் இதுவும் உள்ளது. இதனை முரண் என்பார் சிலர். பழங்கடன் என்பார் சிலர். எடுத்த நிலத்திற்குக் கொடுக்கும் ஈடு என்று கொள்வதே பொருத்தமாம்.

3. மலைக்குக் கிழக்கே

கிழக்கே நடந்தது வேறு. திண்டுக்கல் சீமையும் அதனைச் சார்ந்த இப்பள்ளத்தாக்கின் பாளையங்களும் 1792-இல் திப்பு சுல்தானோடு செய்த உடன்படிக்கையால் ஆங்கிலக் கம்பெனியார் வசமாயின. கம்பெனியார் நம் சமயத்தார் அல்லர், வணிகர். எனினும் நாட்டை ஆளவந்தோர்க்குக் கோயிலை விலக்கி ஆளல் இயலவில்லை. பலவிடங்களில் தேவதான நிலங்களை அரசு நிலத்தோடு சேர்த்துக்கொண்டு, அதற்கு ஈடாகத் ‘தஸ்திக்’ என்னும் ஆண்டுப்படி அளித்தனர். 1817-ஆம் ஆண்டு ஏழாவது ரெகுலேஷன் கோயில், மசூதி, சத்திரம் முதலிய அறநிலையங்களின் மேற்பார்வையை ரெவின்யூ போர்டாரிடம் ஒப்பித்தது. கலெக்டர் கச்சேரியில் கோயிற் கணக்கு எழுதப்பட்டது. திருவிழாச் செலவுக்குக் கலெக்டர் கையொப்பம் வேண்டியதாயிற்று. 1812 முதல் 1828 வரை மதுரையிற் கலெக்டராயிருந்த ரௌஸ் பீட்டர் மீனாட்சியம்மைக்குப் பொற்பாதக்கொளுவி செய்தளித்தார் என்பது மதுரையார் வழங்கும் செய்தி.

இதனைக் கிறித்துவப் பாதிரிமார் பொறுத்திலர். கிறித்துவ அரசு உருவ வழிபாட்டுக்குத் துணைபோதல் பாவம் என்று இங்கிலாந்திற் கிளர்ச்சி செய்தனர். 1833-இல் கம்பெனி டைரக்டர்கள் கோயிற்றொடர்பை விடுக என ஆணை விடுத்தனர். அதன்படி நடவாமை கண்டு, சென்னைப் படைத்தலைவராயிருந்த சர் பெரிகிரின் மெய்ட்லண்ட் 1838-இல் தம் பதவியையே துறந்தனர். ஈண்டு நோக்குக: இந்தியாவில் அரசும் கோயிலும் பிரிய வேண்டுமென்ற முதற்குரல், எச்சமயத்தையும் சாராதார் எழுப்பிய குரலன்று, தம் சமயத்தின்பாற் பேரன்புடையார் எழுப்பியதே. அவர்தம் நாட்டிலோ, 1534-இல் எட்டாம் ஹென்றி அரசனே திருச்சபைத் தலைவன் எனச் சட்டஞ் செய்தது முதல் அரசும் சபையும் பிணைந்தே நின்றன. 26 பிஷப்புமார் பிரபுக்கள் சபையில் அமர்ந்து சட்டமியற்றி வந்தனர். அமெரிக்கர் 1791-லும் பிரெஞ்சுக்காரர் 1905-லும் செய்த பிரிவினையை இங்கிலாந்து தனக்குச் செய்துகொள்ளவில்லை, நமக்குச் செய்தது.

1840-ஐ ஒட்டிய ஆண்டுகளிற் கம்பெனியார் கோயில்களைக் கைவிட்டனர். 1858-ஆம் ஆண்டு மகாராணியார் விளம்பரம் குடிகளின் சமயத்தில் அரசு தலையிடாது என்றது. 1863-ஆம் ஆண்டின் இருபதாவது ஆக்ட் கோயில்களை உள்ளூர்க் கமிட்டிகளுக்கும் தர்மகர்த்தாக்களுக்கும் ஒப்பித்து, இனி அரசு மேற்பார்வை ஏற்கலாகாது என விதித்தது. கமிட்டி அங்கத்தினர் பதவி ஆயுட்காலப் பதவி. குறையுண்டேல் சிவில் நீதிமன்றஞ் சென்று வழக்காடுக என்பதே அடியார்க்கு விடப்பட்ட வழி.

பிரிவினை வந்தது, நன்மை வந்ததா? வேந்தன் காவலும் போயிற்று. கலெக்டர் கணக்கும் போயிற்று. கோயில் நிலத்தைக் குத்தகை எடுத்தவர் தமதாக்கிக் கொண்டதும், திருவாபரணம் மறைந்ததும், தர்மகர்த்தா வீட்டு விளக்கு எரிந்து திருவுண்ணாழிகை விளக்கு அவிந்ததும் அக்காலத்து நீதிமன்றத் தீர்ப்புக்களிற் பரக்கக் காணலாம். எம்மூர்ப் பக்கத்துச் சிவன் கோயில் ஒன்றைப் பற்றி எம் பாட்டனார் சொல்லக் கேட்டுள்ளோம். நன்செய் பல ஏக்கர் இருந்தும், சிவாசாரியர் தம் வீட்டு அரிசியை முடிந்துவந்து நிவேதனஞ் செய்வராம். கேட்பாரில்லை, கேட்டாரும் வழக்குச் செலவுக்கு அஞ்சி வாளாவிருந்தனராம். இதனை மறைத்துப் பயனில்லை. அரசு பின்னர் உள்ளே நுழைந்தமைக்கு வழிதிறந்தவர் நாமே.

4. 1925-ஆம் ஆண்டு

1922-ஆம் ஆண்டு இறுதியில் முதல் மந்திரி பனகல் அரசர் இந்துமத அறநிலைய மசோதாவைச் சென்னைச் சட்டசபையிற் கொணர்ந்தனர். மடாதிபதிகளும் வைதிகரும் கடுமையாக எதிர்த்தனர். கோயிற் பொருளை நாத்திகர் கையிற் கொடுப்பதோ என்றனர் ஒரு சாரார். கோயிற் பொருள் இப்போது யார் கையில் இருக்கின்றது என்றனர் மற்றொரு சாரார். இருவர் வினாவிலும் உண்மை இருந்தது. மசோதா 1925-ஆம் ஆண்டின் முதலாவது ஆக்ட் ஆயிற்று. அதன் செல்லுந்தன்மை ஐயுறப்பட்டமையின் 1927-இல் இரண்டாவது ஆக்டாக மீண்டும் இயற்றப்பட்டது. அரசால் நியமிக்கப்பெற்ற போர்டு ஒன்று மேற்பார்வை ஏற்றது. 1935-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு கோயிலை அறிவிக்கை செய்து நிருவாகத்தை எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தையும் தந்தது.

அதே 1925-இல் பஞ்சாபில் சீக்கியர்க்கென ஒரு குருத்துவாரச் சட்டம் இயற்றப்பட்டது. அங்கே நிருவாகம் சீக்கியரே தேர்ந்தெடுத்த சபைக்குச் சென்றது. சென்னையிலோ அரசு நியமித்த போர்டுக்குச் சென்றது. காரணம் யாது? சீக்கியர் தம் கோயிலுக்காகப் பெருந்திரளாய்ச் சிறை சென்று, தாமே ஆள்வோம் என்று ஒரு குரலாய் நின்றனர். நாமோ மடம், தர்மகர்த்தா, அருச்சகர், சேவார்த்தி எனப் பிரிந்து நின்று ஒருவர்மேல் ஒருவர் மனுக்கொடுத்தோம். ஒன்றுபட்டார்க்குச் சபை கிடைத்தது. பிரிந்தார்க்குப் போர்டு கிடைத்தது.

கோயில் நுழைவிலும் நாம் முந்திக்கொள்ளத் தவறினோம். 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள் வைத்தியநாதையர் தாழ்த்தப்பட்ட அன்பரை உடன்கொண்டு மதுரைத் திருக்கோயிலுட் புகுந்தனர். அவர்க்குக் காப்பாக அவ்வாண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. 1947-ஆம் ஆண்டின் ஐந்தாவது ஆக்ட் எல்லாக் கோயில்களையும் திறந்தது. மலைக்கு மேற்கே மன்னர் திறந்த கதவு, பதினோராண்டு கழித்து மலைக்குக் கிழக்கே சட்டசபையால் முழுதும் திறந்தது. திருநாளைப்போவாரைத் தில்லையுள் அழைத்தவன் இறைவனே என்று பெரியபுராணம் ஓதிய நாம், அவர் வழிவந்தாரை வாயிலிலே நிறுத்திச் சட்டம் வரும்வரை காத்திருந்தோம். சமயத்திற் சட்டம் புகலாகாது என்று இன்று வாதிப்போர், சட்டம் புகாதிருந்த நாளில் நாம் செய்ததையும் உடன் வைத்து எண்ணுதல் வேண்டும்.

5. எது சமயம், எது உலகியல்?

1950 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு 25, 26-ஆம் உறுப்புக்களிற் சமய உரிமையை அளித்து, சமயத்தைச் சார்ந்த பொருளியல் முதலாய உலகியற் செயல்களை ஒழுங்குபடுத்தவும், சமூகச் சீர்திருத்தஞ் செய்யவும், பொதுக்கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறக்கவும் அரசுக்கு இடம் வைத்தது. 1951-ஆம் ஆண்டுச் சட்டம் போர்டை நீக்கி, கமிஷனரைத் தலைவராகக் கொண்ட அரசாங்க இலாகாவை ஏற்படுத்திற்று. சீரூர் மடத்து வழக்கில் 1954-இல் உச்சநீதிமன்றம் அச்சட்டத்தின் பல பிரிவுகளைச் செல்லாதென்றது. சமயத்திற்கு இன்றியமையாதது எது என்பதை அச்சமயத்தின் கொள்கையைக் கொண்டே துணிதல் வேண்டும் என்றும், சொத்து நிருவாகத்தைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தலாம், ஆயின் முற்றிலும் பறித்தலாகாது என்றும் நீதிபதிகள் வகுத்தனர். அதற்கேற்பத் திருத்தி அமைந்ததே 1959-ஆம் ஆண்டின் 22-ஆம் சட்டம்.

இவ்வெல்லை காகிதத்தில் தெளிவாயுள்ளது. கருவறை வாயிலில் தெளிவாயில்லை. பரம்பரை அருச்சகர் முறையை நீக்கிய சட்டத்தை 1972-இல் சேஷம்மாள் வழக்கில் உச்சநீதிமன்றம் ஏற்றது; நியமனம் உலகியற் செயல், பூசை சமயச் செயல், ஆகமவிதி காக்கப்படல் வேண்டும் என்றது. 2015-இலும் ஆகமத்தையும் அரசியலமைப்பையும் இயைத்து வழக்குத்தோறும் காண்க என்றது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள், பயிற்சி பெற்ற பல சாதியினர் அருச்சகராக நியமனம் பெற்றனர். காமிகமும் காரணமும் கூறுவது யாது என்பதை நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வாதிக்கும் நிலை வந்துள்ளது. மடங்கள் ஆகமங்களை ஆராய்ந்து, தெளிந்த முடிபை உலகறியத் தமிழில் முன்னரே எழுதி வைத்திருப்பின், பிறர் வாயிலாக அவற்றைக் கேட்க வேண்டியிராது.

தில்லையில் நேர்ந்தது இன்னும் வருந்தத்தக்கது. சிற்றம்பல மேடையில் தேவாரம் பாட முயன்ற ஓர் ஓதுவார்க்கு 2008-இல் அரசாணையும் போலீசு காவலும் வேண்டியதாயிற்று. திருமுறை கண்ட தலத்திலேயே திருமுறைக்குக் காவலர் துணையெனின், குறை சட்டத்தினதா, நம்மதா? பொதுதீட்சிதர் நிருவாகத்தைப் பற்றிய வழக்கிலோ 2014 சனவரி 6-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீட்சிதர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. முறைகேட்டைத் திருத்த அரசு நிருவாகத்தை ஏற்கினும், அது திருந்திய பின் மீள ஒப்பித்தல் வேண்டும், என்றென்றும் வைத்துக்கொள்ளல் ஆகாது என்றது. இத்தீர்ப்பின் பின்னைய கூறு எல்லாக் கோயிலுக்கும் பொருந்தத்தக்க நல்லறம் என்பது எம் கருத்து. நோய் தீர்க்க வந்த மருத்துவர் நோய் தீர்ந்தபின் வீட்டிற் குடியிருத்தல் முறையன்று. ஆயின் நோய் தீர்ந்தது என்று காட்டவேண்டியவர் வீட்டாரே.

இம்மலைநாட்டிலேயே ஒரு சான்று காட்டி இப்பகுதியை முடிப்போம். கூடலூர்க்கு மேலே மலைமுகட்டில் மங்கலதேவி கண்ணகி கோட்டம் உள்ளது. தமிழ்நாடு, கேரளம் என்னும் இரண்டன் எல்லையில் அஃது அமைந்துள்ளமையின், சித்திரைப் பௌர்ணமியன்று ஒருநாளே வழிபாடு. அதற்கும் தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர் இருவரும் முன்னரே கூடி ஏற்பாடு செய்தல் வேண்டும். அரசனை நோக்கி நீதி கேட்டவள் கண்ணகி. அவள் கோட்டத்திற்குச் செல்லும் அன்பர் பளியன்குடி வழியாக மலையேறுங்கால், அரசின் சோதனைச் சாவடியைக் கடந்தே செல்கின்றனர். பாதை, குடிநீர், நெரிசல், காட்டுவிலங்கு இவற்றைக் கவனித்தல் அரசின் தொழில். அது செய்யப்படுதல் நன்றே. மேலே சென்று கைகூப்பும்போது அவ்வன்பர் உள்ளத்தில் நிகழ்வதற்கு எவ்வாட்சியரும் அனுமதி தரவேண்டுவதில்லை.

6. முடிபு

இதுகாறுங் கூறியவற்றால் விளங்குவன மூன்று. அரசும் கோயிலும் முற்றும் ஒன்றாயின், வழக்கம் தண்டனையாகும். வைக்கம் அதற்குச் சான்று. அரசு முற்றும் கைவிட்டால், வலியார் பொருளை விழுங்குவர். 1863-க்குப் பின் வந்த காலம் அதற்குச் சான்று. அரசு காவலோடு நில்லாமல் உடைமையாளனாக அமர்ந்துவிடின், அடியார் தம் கோயிலில் விருந்தினராவர். இஃது இக்காலத்து அச்சம்.

சித்தாந்தம் இவ்வகையில் நமக்கு வழிகாட்டுகின்றது. பிற சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் எனப் படிமுறையாக வைத்த நெறி நம் நெறி. படியில் நிற்பவனை ஏற்றுதற்குப் பக்குவம் வேண்டும். பக்குவம் வருதற்கு மலபரிபாகமும் சத்திநிபாதமும் வேண்டும். இவை திருவருளால் வருவன, சட்டத்தால் வாரா. ஆதலின் ஒருவனைச் சைவனாக்கச் சட்டம் வேண்டுவோன் சித்தாந்தம் அறியாதவன். அவ்வாறே, ஒருவனது சைவத்தைச் சட்டம் பறித்துவிடும் என்று நடுங்குவோனும் அதனை முற்ற அறிந்தவன் அல்லன்.

எனினும் நிலம், பொருள், கணக்கு, வாயில் என்பன உலகியலிற் பட்டன. இவை பொதுமக்கள் உடைமை. இவற்றிற்கு நீதி கேட்க ஏழையடியானுக்கும் உரிமை உண்டு; அதனைக் கொடுக்கவல்லது சட்டமே. இவ்வெல்லையைக் காத்தற்கு நாம் செய்யத்தக்கன சில உள. ஊர்தோறும் சிவனடியார் கூடித் தம் கோயிற் கணக்கை ஆண்டுக்கொருமுறை கேட்டு வாசிக்கச் செய்க. குத்தகை நிலத்தின் நிலையைக் கண்ணாற் கண்டு வருக. மடங்கள் ஆகம முடிபுகளைத் தெளிதமிழில் வெளியிடுக. வாயிலில் எவரையும் தடுக்கும் வழக்கம் எங்கேனும் எஞ்சியிருப்பின், நீதிமன்றம் சொல்லுமுன் நாமே நீக்குக. இவை செய்யப்பெற்றால், கோயிலினின்றும் அரசு விலகுக என்று கேட்கும் தகுதி நமக்கு வரும். கேட்குமுன்னரே அரசு விலகினும் விலகும்.

உத்தமபாளையத்துப் பாறையில் தீர்த்தங்கரர் அமைதியாக வீற்றிருக்கின்றனர். அருகே கருப்பண்ணசாமிக்குக் கற்பூரம் எரிகின்றது. சிறிது தொலைவிற் காளத்தீசுவரர் ஆலயத்து மணி ஒலிக்கின்றது. பாறையைச் செதுக்கக் கண்ட அரசும், அதன்பின் வந்த அரசுகள் பலவும் இன்றில்லை. அரசுகள் மாறும், சட்டங்கள் திருத்தப்படும், வழிபடுவோர் அன்பும் ஒழுக்கமுமே கோயிலை நிறுத்துவன.

திருவருள் முன்னிற்க.